பலகையில் சேலம், வண்டி தொப்பூர் வரை

தருமபுரியில் சேலம் சாலையை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் முதியோருக்கான தை சி வகுப்பு நடக்கிறது. ஆடி முதல் புரட்டாசி வரை மூன்று மாதம் போய் வந்தேன். கட்டிய பணம் 4,000 ரூபாய். "சேரலாமா?" என்று கேட்டு வீட்டுக்கு வருகிறவர்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தே என் மனைவி களைத்துவிட்டதால், எல்லோருக்கும் சேர்த்து எழுதியே வைத்துவிடுகிறேன். குறையும் சொல்லப்போகிறேன், ஆகவே வகுப்பின் பெயரும் மண்டபத்தின் பெயரும் வேண்டாம்.

நோட்டீஸைப் படித்ததும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "தை மாதத்து வகுப்பை ஏன் ஆடியிலேயே ஆரம்பிக்கிறார்கள்?" என்பதுதான். அது சீனாக்காரர்களின் பயிற்சி என்று விளக்கினேன். "அப்படியானால் சரி, அவர்களுக்கு ஆடி ஏது" என்றாள்.

நான் அரசுப் பேருந்தில் 31 வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவன். வயது 69. கண்டக்டர் என்றால் டிக்கெட் கிழிக்கிறவர் என்று நினைக்கிறார்கள். அது பாதி வேலைதான். மீதிப் பாதி, ஓடும் வண்டியில் எதையும் பிடிக்காமல் நிற்பது. இடது கையில் டிக்கெட் கட்டு, விரல் இடுக்கில் நீளவாக்கில் மடித்த நோட்டுகள், வலது கையில் சில்லறை, வாயில் விசில். கம்பியைப் பிடிக்கக் கை எங்கே மிச்சம்? சேலம் தடத்தில் தொப்பூர் கணவாயில் வண்டி இறங்கும்போது, டிரைவர் வளைவில் ஒடிப்பதற்கு ஒரு நொடி முன்பே என் முழங்கால் லேசாக மடிந்திருக்கும்; எடை அடுத்த காலுக்குப் போயிருக்கும். இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் இரண்டு பயணிகளின் மடியில் உட்கார்ந்து எழுந்த பிறகு கால்கள் தாமாகவே கற்றுக்கொண்டன.

போன பங்குனியில் டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். என் பேரன் வயதில் ஒரு கண்டக்டர். "தாத்தா, நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் விழுந்தால் நான்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்" என்றான். நான் ஏற்கெனவே இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தேன். அவன் பார்த்தது என் கையை அல்ல, காலை. தொழில் தெரிந்த பையன்.

அதற்கு முன்பே அடையாளங்கள் தெரிந்திருந்தன, நான்தான் கண்டுகொள்ளவில்லை. ஒரு காதுகுத்து விருந்தில் பந்திப்பாயில் உட்கார்ந்தவன், இலையை மூடிய பிறகு எழுந்திருக்க முடியாமல், பக்கத்து இலைக்காரரின் தோளைப் பிடித்து எழுந்தேன். வேட்டி கட்டுகிறவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. கால் மெலிவது வெளியே தெரியாது. வயிறு அப்படியே இருப்பதால் எடைக் கருவியும் காட்டிக்கொடுக்காது. காலில் போனது வயிற்றில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. முள் அதே எண்ணில் நிற்கிறது.

பிறகு ஒரு மருத்துவரிடம் போனேன். ஊசி இல்லை, ஸ்கேன் இல்லை. தையல்காரர் வைத்திருப்பது போன்ற ஒரு டேப்பை எடுத்துக் கெண்டைக்காலைச் சுற்றி அளந்தார்: 31 சென்டிமீட்டர். ஆசிய நாடுகளின் ஆண்களுக்கு 34-க்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும் என்றார். ஒரு கருவியைக் கையில் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்: 23 கிலோ. ஆண்களுக்கு 28-க்குக் குறையக் கூடாதாம். கடைசியாக, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னார். 12 நொடிக்குள் முடிய வேண்டிய வேலை. எனக்கு 18 நொடி ஆனது; நான்காவது முறை எழும்போது கை தானாகவே நாற்காலியின் பிடியைத் தேடிப் போனது.

இதற்குச் சார்கோபீனியா என்று பெயர் சொன்னார். 1989-இல் இர்வின் ரோசன்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் வைத்த பெயராம். கிரேக்க மொழியில் சார்க்ஸ் என்றால் சதை, பீனியா என்றால் இல்லாமை. நான் அதைச் சதைப் பஞ்சம் என்று வைத்துக்கொண்டேன். பஞ்சம் திடீரென்று வருவதில்லை. முப்பது வயதைத் தாண்டியதும் பத்து வருடத்துக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை குறைகிறது; அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. தசை குறைவதைவிட வலு குறைவது வேகம். அதிலும் சட்டென்று இழுத்துப் பிடிக்கும் வேக இழைகள்தாம் முதலில் மெலிகின்றன. கால் இடறும்போது நம்மைத் தாங்கிப் பிடிப்பவை அவைதாம். பிரேக் போட்டதும் தடுமாறுகிறோமே, அந்தக் கணக்கு இதுதான்.

மருத்துவர் மூன்று வேலை கொடுத்தார். எடை வைத்துச் செய்யும் பயிற்சி, தடுமாற்றம் குறையச் சமநிலைப் பயிற்சி, சாப்பாட்டில் புரதம். அந்த வாரமே செய்தித்தாளுக்குள் மடித்து வைத்து ஒரு நோட்டீஸ் வந்தது. "தசை தேய்மானத்துக்கு முற்றுப்புள்ளி! மெதுவாக அசைந்தே இழந்த தசையை மீட்கலாம்!" என்று சிவப்பு எழுத்தில். ஒரே டிக்கெட்டில் மூன்று ஊர் பார்த்துவிடலாம் என்று நினைத்துச் சேர்ந்தேன்.

வாரத்துக்கு மூன்று நாள், காலை ஆறேகாலிலிருந்து ஏழேகால் வரை. பதினான்கு பேர் இருந்தோம். குமாரசாமிப்பேட்டையிலிருந்து துணிக்கடை வைத்திருந்த ஒரு பாய், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை ஒருவர், காரிமங்கலம் பக்கத்து மாந்தோப்புக்காரர், பாலக்கோடு பக்கத்திலிருந்து மகன் பைக்கில் கொண்டுவந்து விடும் ஓர் அம்மா என்று பலதரப்பட்ட கூட்டம். சொல்லிக்கொடுப்பவர் முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். இயன்முறை மருத்துவம் படித்தவர், பெங்களூரில் தை சி கற்றவர். நாங்கள் அவரை டீச்சர் என்போம். தலைமை ஆசிரியை மட்டும் "கண்ணு" என்பார்.

தை சி மொத்தத்தில் சண்டைக் கலையாம். பார்த்தால் அப்படித் தெரியாது. தண்ணீருக்குள் நின்றுகொண்டு யாரையோ அடிப்பதைப் போல இருக்கும். பழைய முறையில் எண்பது, நூறு அசைவுகள் வரை வருமாம். 1956-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை, யாங் குடும்பத்தின் வழிமுறையை 24 அசைவுகளாகச் சுருக்கியது. இன்று பூங்காக்களில் கிழவர்கள் செய்வது பெரும்பாலும் அந்த 24-தான். எங்களுக்கு அதிலிருந்து எட்டு மட்டும். மூன்று மாதத்தில் எட்டையும் வரிசை மாறாமல் செய்தவர்கள் ஐந்து பேர். நான் ஆறாவது ஆள்.

அசைவுகளின் பெயர்கள் அழகானவை. வெண்கொக்கு சிறகு விரிக்கும், காட்டுக் குதிரையின் பிடரியைப் பிரிக்க வேண்டும், பின்னால் நடந்துகொண்டே குரங்கை விரட்ட வேண்டும், சேவல் ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். ஆனால் எங்கள் ஆட்களுக்குக் கொக்கும் குதிரையும் மனத்தில் நிற்கவில்லை. பிடரியைப் பிரிப்பது பாய்க்குத் துணியை உதறி விரித்துக் காட்டுவதாக மாறிவிட்டது. மேகக் கை என்று ஒன்று உண்டு. கால்களைப் பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக நகர்த்திக்கொண்டே, இடுப்பைத் திருப்பி, முகத்துக்கு முன்னால் கைகளை மாற்றி மாற்றி வட்டமாகக் கொண்டுபோக வேண்டும். தலைமை ஆசிரியை முதல் நாளே, "இது கரும்பலகையைத் துடைப்பது" என்றார். 36 வருடம் துடைத்தவர். பதினான்கு பேரில் அந்த அசைவு அவருக்குத்தான் சுத்தமாக வந்தது.

எனக்கு விஷயம் பிடிபட்டது இரண்டாவது வாரத்தில்தான். டீச்சர், "நிறைந்த கால், வெறுங்கால்" என்று ஓயாமல் சொல்வார். எந்த நொடியிலும் எடை ஒரு காலில் நிறைந்திருக்க வேண்டும். மற்றது வெறுமையாக, எங்கே வேண்டுமானாலும் எடுத்து வைக்கத் தோதாக இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றதற்கு எடையை ஊற்றுவது போல மாற்ற வேண்டும், கொட்டக் கூடாது. முழங்கால் எப்போதும் அரை மடிப்பில். தலை நேராக. கேட்டுக்கொண்டே செய்தவன் சட்டென்று நின்றுவிட்டேன். இது தொப்பூர் வளைவு அல்லவா! அங்கே வண்டி ஆடும், நான் நிற்பேன். இங்கே தரை நிற்கிறது, நான் ஆடுகிறேன். மற்றபடி ஒரே வித்தைதான். அன்று டீச்சரிடம் இதைச் சொன்னேன். அடுத்த வகுப்பிலிருந்து எடையை மாற்ற வேண்டிய இடத்தில் "ரைட்" என்றும், நிற்க வேண்டிய இடத்தில் "ஹோல்டான்" என்றும் என்னைக் குரல் கொடுக்கவைத்தார். சம்பளம் தரவில்லை.

மெதுவாகச் செய்வதால் சுலபம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வேகமாக நடக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கும் நேரம் கண்ணிமைப்பதற்குள் போய்விடும். இங்கே அதே நொடியை ஐந்தாக இழுக்கிறார்கள். மடித்த முழங்காலோடு முழு உடம்பையும் ஒரு தொடை சுமக்கிறது. பத்தாவது நிமிடத்தில் தொடை நடுங்கும். தீபாவளிச் சிறப்புப் பேருந்தில் இரண்டு ட்யூட்டி சேர்த்துப் பார்த்த மறுநாள் இருக்குமே ஒரு வலி, முதல் இரண்டு வாரம் எனக்கு அது இருந்தது. பிறகு போய்விட்டது.

இனிக் கணக்கு. கண்டக்டர் கணக்கு கொடுக்காமல் இறங்க முடியாது. சேர்ந்தபோது கண் திறந்தபடி ஒற்றைக் காலில் 4 நொடி நின்றேன். புரட்டாசிக் கடைசியில் 17 நொடி. நாற்காலியில் ஐந்து முறை எழுவதற்கு 18 நொடி ஆனது, இப்போது 13. சித்திரையிலும் வைகாசியிலும் வீட்டு வாசற்படியில் இரண்டு முறை இடறியவன், இந்த மூன்று மாதத்தில் ஒரு முறைகூட இடறவில்லை. இவ்வளவும் வரவு. கெண்டைக்கால்: 31 சென்டிமீட்டர். ஆடியிலும் 31, புரட்டாசியிலும் 31. பிடி வலிமை அரை கிலோ கூடியிருக்கிறது. அது கருவியின் பிழையாகக்கூட இருக்கலாம்.

ஆகவே நோட்டீஸில் எழுதியிருப்பது பொய். பலகையில் சேலம் என்று போட்டிருக்கிறார்கள்; வண்டி தொப்பூர் வரைதான் போகிறது. ஆனால் தொப்பூர் வரை ஒழுங்காகப் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

இயன்முறை மருத்துவம் படிக்கும் என் பேத்தியிடம் கேட்டேன். அவள் ஓர் ஆய்வைக் காட்டினாள். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தில் நடந்து 2018-இல் வெளிவந்தது. எழுபது வயதும் அதற்கு மேலும் ஆன 670 பேர். முந்தைய வருடத்தில் விழுந்தவர்கள் அல்லது நடையில் சிரமம் உள்ளவர்கள். மூன்று பிரிவாகப் பிரித்து, 24 வாரம், வாரத்துக்கு இரண்டு முறை பயிற்சி. ஒரு பிரிவுக்கு வெறும் நீட்டல் பயிற்சி, ஒரு பிரிவுக்குப் பலவகைப் பயிற்சிகள் கலந்து, ஒரு பிரிவுக்குத் தை சி. நீட்டல் செய்தவர்களைவிடத் தை சி செய்தவர்கள் விழுந்தது 58 சதவீதம் குறைவு. பலவகை செய்தவர்களோடு ஒப்பிட்டாலும் 31 சதவீதம் குறைவு. விழாமல் இருக்க வேண்டும் என்றால் இது நல்ல சரக்கு. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர்களைப் பார்த்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.

தசை வளர்வது வேறு கதை. "தாத்தா, தசைக்குச் சுமை வேண்டும். கடைசி இரண்டு முறை முக்கி முனகித் தூக்கும் அளவுக்கு இருக்க வேண்டும். அது பழகியதும் சுமையைக் கூட்ட வேண்டும்" என்றாள் பேத்தி. தை சியில் தொடைக்கு உடம்பின் எடை மட்டும்தான் சுமை. சேர்ந்த புதிதில் அதுவே அதிகம். ஒரு மாதத்தில் பழகிவிடுகிறது. கைக்கோ காற்றைத் தவிரச் சுமையே இல்லை. என் பிடி வலிமை ஏன் அசையவில்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

இதை டீச்சரிடமே கேட்டேன். சண்டைக்குத்தான் போனேன். அவர், "நோட்டீஸ் நான் எழுதியதில்லை ஐயா. நீங்கள் சொல்வது சரிதான்" என்றார். சண்டை அங்கேயே முடிந்துவிட்டது. ஆவணியிலிருந்து கடைசிப் பத்து நிமிடத்தை ஒதுக்கி வேறு வேலை கொடுத்தார். நாற்காலியில் எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ரப்பர் பட்டையை இழுப்பது, ஆளுக்கு இரண்டு ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டில்களைத் தூக்கி இறக்குவது. என் 13 நொடிக்கு மேகக் கையைவிட அந்தப் பத்து நிமிடம்தான் காரணம் என்பது என் சந்தேகம். வீட்டிலும் ஐந்து கிலோ ராகிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறேன். முதல் நாள் அதைப் பார்த்த என் மனைவி, பை கிழிந்தால் கூட்டி அள்ளுவது யார் என்று மட்டும் கேட்டாள்.

டீச்சரிடம் ஒரு குறை உண்டு. முதல் நாள் யாரிடமும் பழைய நோய், பழைய அடி எதுவும் கேட்கவில்லை. பாலக்கோடு பக்கத்து அம்மாவை, "கழுத்தைத் தளர்த்துங்கள், இடுப்பைத் திருப்புங்கள்" என்று மூன்று வகுப்பாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்த அம்மா தலையைத் திருப்ப வேண்டுமென்றால் உடம்போடுதான் திரும்புவார். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை விழுவதை எல்லோரும் பார்க்கிறார்கள். அதே தண்ணீரை நாற்பது, ஐம்பது வருடம் குடித்தவர்களுக்கு முதுகெலும்பும் மூட்டுகளும் இறுகிப்போவதை வீட்டார் மட்டும்தான் பார்க்கிறார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது 2013-ஐ ஒட்டித்தான். அந்த அம்மா அதற்கு முன் அறுபது வருடம் கிணற்றுத் தண்ணீர் குடித்தவர். கடைசியில் தலைமை ஆசிரியைதான், "கண்ணு, அது சோம்பல் இல்லை, தண்ணீர்" என்று எடுத்துச் சொன்னார். டீச்சருக்கு முகம் வாடிவிட்டது. மறுநாள் முதல் அந்த அம்மாவுக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யும் முறை. திருத்திக்கொள்கிறவர் என்பதால் இந்தக் குறையை இத்தோடு விடுகிறேன்.

நிர்வாகத்தை விட மாட்டேன். விழாமல் இருக்கக் கற்றுத்தரும் வகுப்புக்குப் போக இருபத்து நான்கு படி ஏற வேண்டும். கைப்பிடி திருப்பம் வரைதான். அதற்கு மேல் சுவர். சுவரில் சந்தனமும் குங்குமமும் ஒட்டிய கைத்தடங்கள். மேலே கூடத்தில் வழவழவென்று டைல்ஸ். காலுறையோடு நின்றால் வழுக்கும். வெறுங்காலில் நின்றால் காலையில் சில்லிடும். அடிப்பாகம் மெல்லிய கேன்வாஸ் ஷூ கொண்டுபோனவர்கள் பிழைத்தோம். நெல்லிக்கனி கொடுத்து ஔவையாருக்கு ஆயுளை நீட்டிய அதியமான் ஆண்ட ஊர் இது. கிழவி அதற்குப் பிறகு மாடிப்படி ஏறினாளா என்று எந்தப் புலவரும் பாடவில்லை.

அடுத்தது முகூர்த்தம். ஆடியில் ஒரு வகுப்புகூடத் தவறவில்லை. எவ்வளவு ஒழுங்கான நிர்வாகம் என்று நானே நாலு பேரிடம் சொன்னேன். ஆவணி பிறந்ததும் குட்டு வெளிப்பட்டது. ஆறு மணிக்குப் போய் நின்றால் வாசலில் வாழைமரம், உள்ளே நாதஸ்வரம். பன்னீர் தெளித்து, "பெண் வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்கிறார்கள். ஆவணியில் இப்படி ஐந்து வகுப்பு போயிற்று. முன்கூட்டியே ஒரு தகவல் இல்லை. மாந்தோப்புக்காரர் ஒரு நாள் காலைச் சிற்றுண்டியே சாப்பிட்டுவிட்டு வந்தார். கேட்டால், கட்டிய பணத்தில் கழித்துக்கொண்டதாகச் சொன்னார். போன வகுப்புகளுக்கு ஈடு கேட்டபோது, மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டியதால் சலுகை ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்று பதில் வந்தது. வண்டி பாதி வழியில் நின்றால் மீதிக் காசைத் திருப்பிக் கொடுத்துப் பழகியவன் நான். அந்தப் பதில் எனக்குச் செரிக்கவில்லை.

450 ரூபாய்க்கு ஒரு பனியன் கட்டாயம் என்பார்கள். கட்டாயம் இல்லை. பாய் கடைசி வரை வாங்கவே இல்லை. துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவர் சொன்ன விலையை இங்கே எழுதினால் வம்பு.

புரதப் பொடி டப்பாவும் விற்கிறார்கள், 1,850 ரூபாய்க்கு. வயதானவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் தம் மருத்துவரைக் கேட்டுத்தான் கூட்ட வேண்டும். நான் 58 கிலோ. ஆக, நாளைக்கு 58-லிருந்து 70 கிராம். மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுவது நல்லது என்றார். என் பழைய சாப்பாட்டைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் களி, இரவு கொஞ்சம் சோறும் ரசமும். நாற்பதைத் தாண்டவில்லை. களியால் உடம்பு இரும்பாகும் என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். ராகியில் சுண்ணாம்புச் சத்து அதிகம் என்பது உண்மை. ஆனால் புரதம் நூறு கிராம் மாவுக்கு ஏழு கிராம்தான். இரும்பாக்கியது களி அல்ல, களியோடு சேர்த்துத் தொட்டுக்கொண்ட கொள்ளும் அவரைக்கொட்டையும், அதைத் தின்றுவிட்டுப் போய்த் தூக்கிய மூட்டையும்தான்.

ஆடியிலும் ஆவணியிலும் நாளைக்கு இரண்டு முட்டை வைத்துச் சமாளித்தேன். ஒரு முட்டைக்கு ஆறு கிராம். புரட்டாசி பிறந்தது. எங்கள் வீட்டில் புரட்டாசியில் முட்டை வாசற்படி ஏறாது. பெருமாளா, கெண்டைக்காலா என்று பார்த்தால் பெருமாள் பக்கம்தான் என் மனைவி. ஆனால் அவள் சும்மா விடவில்லை. காலையில் முளைகட்டிய பச்சைப்பயறு, மதியம் களிக்குக் கொள்ளுக் கடைசல், நாலு மணிக்கு ஒரு கைப்பிடி வேர்க்கடலை, இரவு ஒரு டம்ளர் பால். ஒரு கைப்பிடி கொள்ளிலோ கடலையிலோ ஆறு, ஏழு கிராம் வந்துவிடுகிறது, பாலிலும் அவ்வளவே. கூட்டிப் பார்த்தால் அறுபதை ஒட்டி நின்றது. மாதச் செலவு டப்பா விலையில் பாதிகூட இல்லை. கொள்ளின் விளைவு பற்றி வகுப்பில் ஒரே ஒரு முறை பேச்சு வந்தது. சேவல் ஒற்றைக் காலில் நிற்கும்போது, மிகவும் அமைதியான நேரத்தில். யார் என்று நான் சொல்ல மாட்டேன்.

சீனப் புல்லாங்குழல் இசை போடுகிறார்கள். நன்றாகவே இருக்கிறது. ஒலிபெருக்கிதான் மண்டபத்துடையது, தாலி கட்டும் நேரத்துக்கு வைத்திருந்த சத்தத்தை யாரும் குறைப்பதில்லை.

சேர நினைக்கிறவர்களுக்கு என் பதில் இதுதான். நடக்கும்போது பக்கவாட்டில் சாய்கிறது, இருட்டில் கழிவறைக்குப் போகப் பயமாக இருக்கிறது, ஒரு முறை விழுந்தாயிற்று என்கிறவர்கள் தயங்காமல் சேரலாம். டீச்சர் நல்லவர், தொழில் தெரிந்தவர். கால் மெலிந்துவிட்டது, அதைத் தேற்ற வேண்டும் என்பது மட்டும் நோக்கமாக இருந்தால், இந்தப் பணத்தை வைத்து வீட்டில் ஒரு கெட்டியான நாற்காலியும் கொள்ளும் முட்டையும் வாங்கி, சுமையோடு எழுந்து உட்காரும் பயிற்சியை யாராவது விவரம் தெரிந்தவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். இரண்டும் இருந்தால் இரண்டும் வேண்டும். எழுந்து நின்றாலே தலை சுற்றுகிறவர்களும், முழங்காலில் அறுவை செய்துகொண்டவர்களும் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போகட்டும்.

அடுத்த தொகுதியைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுவதாக நிர்வாகத்தில் சொல்லியிருக்கிறார்கள். மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கட்டினால் மறுபடியும் 4,000 தானாம், தனித்தனியாக என்றால் மாதம் 1,500. ஐப்பசியில் எத்தனை முகூர்த்தம் என்று காலண்டரைப் பார்த்தேன். 1,500 மட்டும் கட்டி, ரசீதை வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன்.